நகத்தளவு இடத்தில் ஒரு நாடு

(ராஜகுளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய உரையின் பொருள், தமிழகத்துப் பழங்காசுகளின் கலையழகும், அக்காசுகளில் பொறிக்கப்பட்ட சின்னங்கள் சொல்லும் செய்தியும் ஆகும்.

பொன்னையும் காசையும் பற்றிப் பேசுவதற்கு உத்திரமேரூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காக உலகப்புகழ் பெற்றவை. அந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில், அதாவது ஊர்ச்சபையின் பணிக்குழுக்களில், ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியமும் இருந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. அவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் இருந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றை, அதாவது அதன் தூய்மையளவை, உரைகல்லில் உரைத்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஊரார் கையிலேயே இருந்தது.

சங்க காலத்தில் காசின் தரத்தை நோட்டம் பார்த்துச் சொல்பவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனச் சங்கப் புலவர் வரிசையிலேயே அப்பெயர் தாங்கியோர் இடம்பெற்றிருக்கின்றனர். காசை நோட்டமிட்ட கண்ணும் கவிதை பாடிய நாவும் ஒருவரிடமே கூடியிருந்த மரபு இது. ஆகவே, பழங்காசை எடைக்கும் விலைக்கும் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவது இந்த மண்ணின் பழக்கமன்று.

அவையோரே! காசு செய்த கலைஞன் எதிர்கொண்ட சிக்கலை முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். கோபுரம் கட்டும் சிற்பிக்கு வானளவு இடம் உண்டு. சுவரோவியம் தீட்டுபவருக்கு மண்டபத்தின் நீளம் முழுதும் உண்டு. காசு செய்பவனுக்குக் கிடைத்ததோ கைவிரல் நகத்தளவு இடம். அந்த இடத்தில் அரசனின் குடியையும், அவன் ஆண்ட நாட்டையும், அவன் பெற்ற வெற்றியையும், அவன் வணங்கிய தெய்வத்தையும் ஒருசேர வைக்க முடியாது. ஒன்றை வைத்தால் மற்றொன்றை விட்டாக வேண்டும். அந்த நகத்தளவு இடத்தில் எதை வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு காலத்தாரும் சொன்ன விடையே நாணயக் கலையின் வரலாறு.

செய்முறையையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். மிகப் பழைய காசுகள் முத்திரைக் காசுகள் எனப்படுகின்றன. வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, எடை சரிபார்த்து, ஞாயிறு, விலங்கு, மலை போன்ற சிறு முத்திரைகளை ஒவ்வொன்றாக அதன்மீது குத்தி உருவாக்கியதால் அவற்றுக்கு அப்பெயர் அமைந்தது. பின்னர் வார்ப்புக் காசுகளும், இரண்டு அச்சுகளுக்கு இடையே உலோகத் துண்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தெடுக்கும் அச்சடித்த காசுகளும் வந்தன. அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிக் குழிவாகச் செதுக்கினால்தான் காசில் அது நேராகவும் புடைப்பாகவும் எழும். பெயரெழுத்தையும் தலைகீழ் வரிசையில் செதுக்கி, குழிவில் மேட்டையும் இடத்தில் வலத்தையும் கண்டு வேலை செய்த அந்தக் கைகளுக்கு உரியவர்களில் ஒருவரின் பெயரைக்கூடக் காசு சொல்வதில்லை. அரசனின் பெயர் மட்டுமே நிலைத்தது. அதை நிலைக்கச் செய்தவனின் பெயர் அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் பட்டறையின், வெப்பத்தோடு போய்விட்டது.

இனிச் சங்க காலத்துக்கு வருவோம். சோழர், பாண்டியர், சேரர் ஆகிய மூவரும் வெளியிட்ட சிறு செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுர வடிவின. அவற்றின் முன்பக்கத்தில் பலமுறையும் யானை நிற்கிறது. பின்பக்கத்தில் சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்கு மீனும், சேரனுக்கு வில்லும் அம்பும் இருக்கின்றன. எழுத்தறியாத உப்பு வணிகனும், மொழியறியாத கடல் வணிகனும், இருட்டில் விரலால் தடவிப் பார்ப்பவனும் உடனே அறிந்துகொள்ளும் வண்ணம் அமைந்த ஏற்பாடு இது.

அந்தச் சோழர் காசின் புலியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்கால் ஒன்று உயர்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, வால் பின்னால் நீளாமல் முதுகின் மேலே வளைந்து எழுகிறது. வாலை நீட்டியிருந்தால் சதுரத்தின் விளிம்பு அதை வெட்டியிருக்கும். மேலே வளைத்ததால் முதுகுக்கு மேலிருந்த வெற்றிடமும் நிரம்பியது, பாயப்போகும் விலங்கின் வேகமும் கிடைத்தது. இடம் போதாமை என்னும் குறையையே அழகுக்குக் காரணமாக மாற்றிக்கொண்ட கைவண்ணம் இது. பாண்டியர் காசிலோ வழி வேறு. அங்கே மீனுக்குச் செதிலும் இல்லை, கண்ணும் இல்லை; வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுக்கும் கை ஒரு சில கோடுகளிலேயே மலரையும் விளக்கையும் காட்டிவிடுவதைப்போல, கோணக் கோடுகள் சிலவே மீனாகிவிடுகின்றன. எதை விட்டாலும் மீன் மீனாகவே இருக்கும் என்பதை அறிந்தவனால் மட்டுமே அப்படி விட முடியும்.

இந்தக் காசுகளைத் தமிழ்கூறும் உலகம் அறிந்துகொள்ள உழைத்தவர்களுள் முதன்மையானவர், தினமலர் நாளிதழின் ஆசிரியராக விளங்கிய நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். 'பெருவழுதி' என்னும் பெயரைத் தமிழ்-பிராமி எழுத்தில், அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட மிகப் பழைய வரிவடிவில், தாங்கிய பாண்டியர் செப்புக் காசை 1980களில் அவர் வெளிப்படுத்தியபோது, இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர் உலோகத்தில் கண்முன் வந்து நின்றது. அக்காசின் ஒரு பக்கத்தில் குதிரையும், மறுபக்கத்தில் கோடுகளால் ஆன மீனும் உள்ளன. சங்க காலத் தமிழ்க் காசுகளைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. சங்கப் பாடல்கள் பிற்காலப் புனைவுகளே என்று ஐயுற்றவர்களுக்கு, சில கிராம் எடையுள்ள செம்பு சொன்ன விடை எத்தனை உறுதியானது!

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் மரபினரின் காசும் இங்கே நினைக்கத்தக்கது. முன்பக்கத்தில் குதிரை நிற்க, பின்பக்கத்தில் வளைந்தோடும் ஆறும் அதன் கரையில் மலையும் கோட்டுருவாக வரையப்பட்டிருக்கின்றன. பெண்ணையாறு பாயும் தம் நாட்டின் நிலப்படத்தையே அவர்கள் காசில் வைத்தனர். நாடு என்றால் என்ன என்று கேட்டால், ஆறும் அதை ஊட்டும் மலையும்தான் என்று விடை சொன்ன சிற்றரசர்கள் அவர்கள்.

அவையோரே! இவ்வாறு விலங்கையும் வில்லையும் ஆற்றையும் காசில் வைத்த தமிழகத்துக்குள், கடல்வழியே வேறொரு விடை வந்து சேர்ந்தது. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் ஈடாக உரோமானியர் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளிலும் பொற்காசுகளிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய பேரரசர்களின் பக்கவாட்டு முகம் உயிரோட்டத்தோடு எழும்பி நின்றது. அந்த நகத்தளவு இடத்தில் அவர்கள் வைத்தது மனித முகம்.

தமிழகம் அந்த முகத்தை எவ்வாறு எதிர்கொண்டது? இரண்டு விதமாக எதிர்கொண்டது. முதலாவது, கற்றுக்கொள்ளுதல். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசில் பக்கவாட்டில் ஓர் ஆண்முகமும், அதற்கு மேலே தமிழ்-பிராமியில் 'மாக்கோதை' என்னும் பெயரும் உள்ளன. 'குட்டுவன் கோதை' என்ற பெயரோடு கூடிய மற்றொரு முகக் காசும் கிடைத்திருக்கிறது. உரோமானியக் காசைக் கண்டு பழகிய கைவினைஞன் அம்முறையை ஏற்று, பெயரைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த தமிழ் மன்னன் ஒருவன் முகம் எனக் காட்டத்தக்க உருவம் கையில் எடுத்துப் பார்க்குமாறு கிடைப்பது எத்தகைய பேறு!

இரண்டாவது, மறுத்தல். புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 1898இல் கிட்டத்தட்ட 500 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கீறல் காணப்படுகிறது. பொன் வேண்டும், ஆனால் அது இனிக் காசாகச் செல்லக்கூடாது என்று கருதியவர்கள் முகத்தை வெட்டி அதன் ஆணையை நீக்கினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. காசுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்த உளி அறிந்திருந்தது. பொன்னின் எடையில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. உருவம் கீறப்பட்டதும் காசு வெறும் பொன்னாகிவிட்டது. சின்னத்தின் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்களின் காசுகளில் அவர்களுடைய இலச்சினையான காளை கம்பீரமாக நிற்கிறது. சாதவாகனர் காலம் முதலே சோழமண்டலக் கடற்கரையில் புழங்கிய ஈயக் காசுகளில் இடம்பெற்றிருந்த இரு பாய்மரக் கப்பல் பல்லவர் காசுகளிலும் வருகிறது. கல்லில் கோயில் குடைந்தும், கல்வெட்டுகளில் விருதுப்பெயர்களை அடுக்கியும் மகிழ்ந்த அரசர்கள், ஸ்ரீநிதி, மானபர போன்ற விருதுப்பெயர்களைக் காசிலும் பொறித்தனர். நிலத்துக்குக் காளை, கடலுக்குக் கப்பல், புகழுக்கு விருதுப்பெயர் என்று மூன்றையும் அச்சிறு வட்டத்தில் அமைத்துக்கொண்ட அரசு அது.

இனிச் சோழப் பேரரசு. வால்டர் எலியட் 1886இல் வெளியிட்ட தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலின் வழியாக ஆய்வாளர்கள் அறிந்த உத்தம சோழன் பொற்காசில், அமர்ந்திருக்கும் புலியும் அதன் எதிரே மீனும், சுற்றிலும் கிரந்த எழுத்தில் அரசன் பெயரும் உள்ளன. சங்க காலக் காசில் தனியே நின்ற புலி, இங்கே மீனோடு சேர்ந்து வருகிறது. முதலாம் இராசராசன் காலத்துக்கு வந்தால், புலிக்கு ஒரு பக்கத்தில் மீனும் மறுபக்கத்தில் வில்லும் அமைய, மேலே குடையும் இருபுறமும் சாமரமும் விளக்கும் சூழ்கின்றன. பாண்டியனின் மீனையும் சேரனின் வில்லையும் அழித்துவிடாமல், தன் புலியின் அருகே, தன் குடையின் கீழே உட்காரவைத்தான் சோழன். மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் வெற்றிகளை வரிசைப்படுத்திக் கல்வெட்டின் தொடக்கத்தில் அமையும் புகழுரை, பல அடிகளில் சொன்னதை இந்த வட்டம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. இராசேந்திர சோழனின் காசில் 'கங்கைகொண்ட சோழ' என்ற பெயர் நாகரி எழுத்தில் ஏறியபோது, ஒரு படையெடுப்பே காசாக மாறிக் கடைத்தெருவுக்கு வந்தது.

பேரரசின் பெருமை மிக்க பொற்காசைவிட, ஏழையின் மடியில் கிடந்த இராசராசனின் செப்புக் காசு இன்னும் ஆழமாகப் பார்க்கத்தக்கது. ஈழத்தில் வழங்கிய காசின் அமைப்பைத் தழுவிய இக்காசு, தமிழகத்திலும் இலங்கையிலும் பெருமளவில் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் மலரேந்தி ஓர் உருவம் நிற்கிறது. மறுபக்கத்தில் அமர்ந்த உருவம் ஒன்றின் கையருகே 'ஸ்ரீ ராஜராஜ' என்ற நாகரி எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. நிற்கும் உருவத்துக்குக் கையும் காலும் தடித்த கோடுகள். ஆடையின் மடிப்புகள் இருபுறமும் விசிறிய வளைவுகள். தஞ்சைப் பெரிய கோயிலின் சிற்பத்தைக் கண்ட கண்ணுக்கு இது சிறுபிள்ளை கிறுக்கியதுபோலத் தோன்றக்கூடும். கலை தேய்ந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் இந்தக் காசுக்கு விதிக்கப்பட்ட பணி என்ன? ஏராளமாக அடிக்கப்பட வேண்டும். பல அச்சுகளில் பலர் கையால் செதுக்கப்பட வேண்டும். ஆண்டுக்கணக்கில் விரல்பட்டுத் தேய்ந்த பின்னும் இன்னதென்று தெரிய வேண்டும். நுட்பமான முகம் முதல் சில ஆண்டுகளிலேயே மழுங்கிவிடும். தடித்த கோடு மழுங்காது. பணியறிந்து கோட்டைத் தடிப்பாக்கிய கலைஞனைக் குறைகூற என்ன இருக்கிறது?

சோழன் காசில் சொன்னதற்குப் பாண்டியன் காசிலேயே மறுமொழி சொன்னான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியபோது, இணைமீன்களும் நடுவே செண்டும் பொறித்த காசுகளில் 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' என்னும் விருதுப்பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. அதே மரபில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் படுத்திருக்கும் நந்தியும், அதன்மேல் பிறையும், கீழே தமிழில் 'சேது' என்னும் எழுத்தும் அமைந்தன. இராமேசுவரத்துக் கடலை இரு கரையாரும் தமதென்று எண்ணிய காலத்தின் குரல் அந்த இரண்டே எழுத்துகளில் அடங்கியிருக்கிறது.

விசயநகரக் காலத்தில் விடை மீண்டும் மாறியது. விலங்குச் சின்னமும் அரசன் உருவமும் இருந்த இடத்துக்குத் தெய்வ உருவங்கள் பெருமளவில் வந்தன. வராகன் என்று வழங்கிய பொற்காசு ஏறத்தாழ 3.4 கிராம் எடையுடையது. கிருஷ்ணதேவராயர் 1514இல் உதயகிரிக் கோட்டையை வென்று, அங்கிருந்த பாலகிருஷ்ணர் திருவுருவத்தைத் தம் தலைநகருக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாலகிருஷ்ணரே அவருடைய வராகனிலும் அமர்ந்தார். ஒரு முழங்கால் உயர்ந்து மறுகால் மடிந்திருக்க, கையில் வெண்ணெய் உருண்டையோடு, கழுத்தில் ஆரமும் இடையில் அணியும் புள்ளி புள்ளியாகத் தெரிய, இருபுறமும் சங்கும் சக்கரமும் விளங்க, மழலையின் கொழுகொழுப்பு குன்றாமல் அவ்வுருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. போரில் பெற்ற வெற்றியைக் குறிக்க வாளையோ யானையையோ தேர்ந்தெடுக்காமல், வெண்ணெயேந்திய குழந்தையைத் தேர்ந்தெடுத்த அரசு எத்தகைய நயம் உடையது!

காசில் அமர்ந்த தெய்வத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையின் வலிமையைக் கடல்கடந்து வந்த வணிகர்களும் உணர்ந்தனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த பொற்காசுகளுள் ஒன்று மூன்று சுவாமி வராகன். அதில் வேங்கடவனும் இரு தேவியரும் நின்றனர். தங்கள் மன்னரின் முகத்தைப் பொறித்தால் இங்கே வாங்குவார் இல்லை என்றறிந்து, இந்நாட்டுத் தெய்வத்தைக் காசில் ஏற்றினர். அச்சிட்டவர் யாராயினும், நம்பிக்கை மக்களிடமிருந்தே வர வேண்டியிருந்தது. 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் முறை வந்தபின் வராகன் வழக்கொழிந்தது.

அவையோரே! இத்தனை செய்தியையும் சொல்லவல்ல காசுகள் எங்கே கிடைக்கின்றன? அமராவதி மணலிலும், பெண்ணையாற்றுப் படுகையிலும், உழும் நிலத்திலும், ஏரி தூர்வாரும்போதும் கிடைக்கின்றன. அவற்றை முதலில் தொடும் கை பேராசிரியரின் கையன்று; மண்வெட்டி பிடித்த கை. ஆகவே, காசின் வரலாறு காக்கப்படுவதும் கெடுவதும் பெரிதும் சிற்றூர்களின் கையில்தான் இருக்கிறது.

கிடைத்த காசைப் புளிபோட்டுத் தேய்ப்பதும், சாம்பலால் துலக்குவதும், அமிலத்தில் இடுவதும் கூடவே கூடாது. செம்பின் மேல் படிந்த பச்சைக் களிம்பு அழுக்காகத் தோன்றினாலும், அதற்கடியில்தான் எழுத்தின் மெல்லிய மேடு உயிரோடு இருக்கிறது. தேய்த்த ஐந்து நிமிடத்தில் ஈராயிரம் ஆண்டு எழுத்து போய்விடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையோடு அல்லது எந்தப் பொருளோடு கிடைத்தது என்பதைக் குறித்துவைப்பது காசைக் காப்பதற்கு ஒப்பான பணி. தனியே கடைக்குப் போன காசு ஊமையாகிவிடுகிறது. கிடைத்த இடம் தெரிந்த காசு தன் காலத்தையும் வழியையும் சொல்லுகிறது. மண்ணில் மறைந்திருந்து வெளிப்படும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. நூறாண்டு கடந்த காசுகளைத் தொல்பொருளாகக் கருதி, தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. உருக்கிவிட்டால் கிடைப்பது சில கிராம் உலோகம். ஒப்படைத்தால் கிடைப்பது ஒரு நாட்டின் வரலாறு.

பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, நாணயங்களின் முன் நிறுத்தி, ஒரே ஒரு காசைத் தேர்ந்தெடுத்து உள்ளங்கையளவு பெரிதாக வரையச் சொல்லலாம். புலியின் வால் ஏன் மேலே வளைகிறது, மீனுக்கு ஏன் கண் இல்லை என்ற கேள்விகள் வரையும் கையிலிருந்தே பிறக்கும்.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் ரூபாய்க் காசில், அசோகரின் சாரநாத் தூணிலிருந்து எடுக்கப்பட்ட சிங்கமுகச் சின்னமும், வாய்மையே வெல்லும் என்னும் பொருளுடைய வாசகமும் உள்ளன. அந்த நகத்தளவு இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு, முடியரசு நீங்கிய குடியரசு சொன்ன விடை இது. அரசனின் முகமும் இல்லை, வென்ற நாட்டின் பெயரும் இல்லை. வாய்மை என்னும் வாக்குறுதியே இருக்கிறது. முன்னோர் தந்த காசைப் படிக்கக் கற்றவர்கள், தம் காலத்துக் காசு தரும் அந்த வாக்குறுதியையும் படிப்பார்கள். படிப்பதோடு நில்லாமல் அது காக்கப்படுகிறதா என்றும் கேட்பார்கள். அத்தகைய கண்ணும் அத்தகைய கேள்வியும் ராஜகுளத்துப் பிள்ளைகளிடம் பெருகட்டும்.